உப்பு டப்பா எந்தப் பக்கம்

இருங்காட்டுக்கோட்டையில் நாங்கள் இருந்த அறையில் யாருக்கும் பெயர் கிடையாது. ஊர்தான் பெயர். சாத்தூர்க்காரன் சாத்தூர், வள்ளியூர்க்காரன் வள்ளியூர். நான் கழுகுமலைப் பக்கம். அதை முழுசாகக் கூப்பிடச் சோம்பல்பட்டு 'கழுகு' என்று சுருக்கிவிட்டார்கள். கழுகுக்குக் கண் கூர்மை, வானத்தில் வட்டமடித்துக்கொண்டே தரையில் ஓடும் எலியைக் குறிவைக்கும் என்பார்கள். எனக்கோ கையில் இருக்கும் கரண்டியை எதற்கு எடுத்தேன் என்பதே பாதி நேரம் தெரியாது. ஆனாலும் கூப்பிட்டார்கள், நானும் திரும்பிப் பார்த்தேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்த காலம் அது. சென்னைக்கு வெளியே பெங்களூர் ரோட்டை ஒட்டிக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்தன. கம்பெனிக்கு ஆள் தெற்கிலிருந்து வந்தது. வந்த ஆளுக்கு அறை உள்ளூரில் முளைத்தது. எங்கள் வீட்டுக்கார அக்கா தன் வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். முன்னால் நீளமாக ஒரு துணிக்கொடி. அதில் காயும் யூனிஃபார்மைப் பார்த்தே எந்த அறையில் எந்தக் கம்பெனி, யாருக்கு இன்றைக்கு எந்த ஷிஃப்ட் என்று அக்கா சொல்லிவிடுவார். நீலம் காய்ந்தால் கார் கம்பெனி, சாம்பல் காய்ந்தால் காருக்கு சீட் செய்கிற சீட் கம்பெனி. என் சாம்பல் சட்டையும் ஒரு காலத்தில் அந்தக் கொடியில் காய்ந்தது. இன்றைக்கும் எங்காவது வெயிலில் சோப்பு வாசனையோடு துணி ஆடுவதைப் பார்த்தால் ஒரு நிமிஷம் நின்றுவிடுகிறேன்.

எனக்கு வந்த நோய்க்குத் தமிழில் மனச்சிதைவு என்று பேர். எனக்கு அந்தச் சொல்லைக் கண்டாலே ஆகாது. சிதைந்தது எதுவும் திரும்பி வராது என்று அந்தச் சொல்லே தீர்ப்பு எழுதிவிடுகிறது. நான் திரும்பி வந்தேன். முழுசாக இல்லை, ஆனாலும் வந்தேன்.

சீட் கம்பெனி லைனில் சேர்ந்த இரண்டாவது வருஷம் எனக்குக் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. அந்தக் கதையை ஆளாளுக்குக் கேட்பார்கள், கண்ணை விரித்துக்கொண்டு. என்ன சொன்னது, ஆண் குரலா பெண் குரலா என்று விசாரிப்பார்கள். சினிமா பார்த்துக் கெட்டுப்போன ஆர்வம். குரலைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள், சில மாதங்களில் குரல் அடங்கிவிட்டது. வீட்டில் பொங்கல் வைக்காத குறை. பையனுக்குச் சரியாகிவிட்டது என்று அம்மா ஊரெல்லாம் சொன்னாள்.

எனக்குத்தான் தெரியும், போனது குரல் மட்டும்தான் என்று. அதற்கும் முன்பே, ஐ.டி.ஐ. முடிக்கிற சமயத்திலேயே, வேறொன்று கழன்றுபோயிருந்தது. அது வரவே இல்லை.

அதை எப்படிச் சொல்வது? பழைய நினைவெல்லாம் பத்திரமாக இருந்தது. பதினாறாம் வாய்ப்பாடு கேட்டால் கடகடவென்று ஒப்பிப்பேன். ஆறாம் வகுப்பு வாத்தியாரின் சட்டைக் கிழிசல் எந்தத் தோளில் என்பதுகூடத் தெரியும். இப்போது, இந்த நொடியில் ஒருவர் சொல்வதைப் பிடித்துவைத்துக்கொள்வதுதான் முடியாது. நீளமாகப் பேசினால் வாக்கியம் முடிவதற்குள் அதன் தலை போய்விடும். வாலை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்பேன். அறையில் மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசினால் அவர்கள் சிரிக்கிற இடத்தில் நானும் சிரித்துவைப்பேன், எதற்கென்று தெரியாமல்.

கவனமும் அப்படித்தான். மற்றவர்களுக்குக் காது எதை வாங்குவது எதை விடுவது என்று தானே பிரித்துக்கொடுத்துவிடுகிறது. எனக்கு எல்லாம் ஒரே சத்தத்தில் வரும். தக்காளி, பச்சை மிளகாய், கொத்தமல்லி வாங்கி வா என்று அனுப்புவார்கள். ரோட்டில் கன்டெய்னர் லாரி ஹாரன் அடிப்பான், டீக்கடையில் டேப் பாடும், யாரோ யாரையோ 'டேய் மச்சி' என்பான், சைக்கிள் செயின் கிறீச்சிடும். அத்தனையும் தக்காளிக்குச் சமமாக உள்ளே நுழைந்து உட்கார்ந்துகொள்ளும். கடை வாசலுக்குப் போய்ச் சேரும்போது தக்காளி எப்போதோ இடம் இல்லாமல் இறங்கிப் போயிருக்கும். கடைக்காரர் "இன்னா வோணும்?" என்பார். நான் அவர் முகத்தையே பார்ப்பேன்.

இதற்கு ஊரில் சொன்ன வைத்தியங்கள் இருக்கின்றனவே, அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வல்லாரைக் கீரை தின்னச் சொன்னார்கள். தலையில் எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொன்னார்கள். ஒரு மாமா, "மனச ஒருமுகப்படுத்தி தியானம் பண்ணுடே" என்றார். நொண்டியை ஓட்டப் பந்தயத்தில் விட்டுக் காலைச் சரிபண்ணுகிற யோசனை. எழுதி வைத்துக்கொள் என்றும் சொன்னார்கள். எழுதுவேன். எழுதிச் சட்டைப் பையில் வைத்தேன் என்பது மறந்துபோகும். எதுவும் பலிக்காதபோது கடைசியில் எல்லோரும் வந்து சேர்ந்த சொல் ஒன்றுதான்: சோம்பேறி.

டாக்டர் மட்டும் வேறு மாதிரி சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது என் அண்ணனை உட்காரவைத்து, "குரல் இந்த நோயில் ஒரு பாதிதான். கவனமும், அந்த நேரத்துக்குக் கையில் பிடித்துக்கொள்ளும் நினைவும் இன்னொரு பாதி. மாத்திரை அதை அதிகம் தொடாது. சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள்" என்றார். அண்ணன் தலையாட்டினான். பஸ் ஏறுவதற்குள் அவனுக்கும் அது மறந்துபோயிற்று என்று நினைக்கிறேன். நல்ல மூளைக்கே அந்தக் கதி.

ஊரில் சில மாதங்கள் இருந்தேன். அம்மா சோற்றைப் பிசைந்து கையில் கொடுத்தாள். ஒரு வேலை செய்ய விடவில்லை. வாசலில் உட்கார்ந்தால் போகிறவர் வருகிறவர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். என்னைப் பற்றி என் முன்னாலேயே, நான் அங்கே இல்லாதது போலப் பேசினார்கள். பிரியத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பிரியத்தில் நான் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தேன். ஒரு நாள் சண்டை போட்டுவிட்டு பஸ் ஏறி இருங்காட்டுக்கோட்டைக்கே வந்துவிட்டேன். சாத்தூர் கதவைத் திறந்து, "வாடே கழுகு" என்று சொல்லிவிட்டுப் பாயை நகர்த்திப் போட்டான்.

கம்பெனியில் என்னை மறுபடி எடுத்துக்கொண்டார்கள். நிற்கத்தான் முடியவில்லை. சீட்டுக்கு அடியில் நான்கு போல்ட் முடுக்க வேண்டும். கை முடுக்கும், ஆனால் மூன்றாவதை முடுக்கினேனா நான்காவதையா என்று தெரியாமல் நிற்பேன். லைன் நிற்காது. சூப்பர்வைசர் நல்ல மனிதர், சத்தம் போடாமல், "நீ கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுப்பா" என்றார். ரெஸ்ட் என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். என் சாம்பல் சட்டை கொடியிலிருந்து இறங்கியது.

அப்படித்தான் நான் அறையின் சமையல்காரன் ஆனேன். சாத்தூருக்கும் வள்ளியூருக்கும் ஷிஃப்ட் மாறி மாறி வரும். வந்தால் சூடாகச் சோறு இருக்கும் என்பது அவர்களுக்குப் பெரிய விஷயம். எனக்கும் கைக்கு ஒரு வேலை கிடைத்தது. சோறு சிக்கலில்லை, கொதிக்கிற சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். குழம்பில்தான் சனி உட்கார்ந்திருந்தது. உப்புப் போட்டேனா?

ருசி பார்த்தால் தெரியாதா என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்டார்கள். மாத்திரை தொடங்கியதிலிருந்து என் வாய் உலர்ந்து கிடந்தது. உப்பு, புளிப்பு, காரம் எல்லாம் நாக்கில் ஒன்றுபோல மந்தமாக இறங்கும். ஒரு நாள் உப்பே இல்லாமல் குழம்பு வைத்தேன். அதற்கு மறுநாள் பயத்தில் இரண்டு தடவை போட்டேன். வள்ளியூர் ஒரு வாய் வைத்துவிட்டு, "ஏ கழுகு, நேத்து ஆஸ்பத்திரி சாப்பாடு, இன்னைக்குக் கருவாட்டுக் கடையா?" என்றான். சிரித்தார்கள். சிரித்துவிட்டுச் சாப்பிடவும் செய்தார்கள். நான்தான் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

சாத்தூர் அதைக் கவனித்திருக்கிறான். அவன் நான் நின்ற அதே சீட் கம்பெனி லைனில்தான் இருந்தான். அங்கே ஒரு வழக்கம் உண்டு. போல்ட்டை முடுக்கியதும் அதன் தலைமேல் மஞ்சள் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுக்க வேண்டும். கோடு இருந்தால் முடுக்கியாயிற்று, இல்லாவிட்டால் இல்லை. அதற்கு மார்க் என்று பேர். யாரும் யாரையும் 'முடுக்கினாயா' என்று கேட்பதில்லை, மார்க்கைப் பார்ப்பார்கள். நான் அந்த லைனில் நின்ற நாட்களில் அதை ஒரு தொந்தரவாகத்தான் நினைத்திருந்தேன், பாதி நேரம் கோடு இழுக்காமலே விட்டுவிடுவேன்.

"ஏல, நல்லா இருக்கவனே மார்க் போட்டாத்தான அடுத்த போல்ட்டுக்குப் போறான்? அவனவன் நெனப்ப நம்பியா கம்பெனி நடத்துதாம்? ஒனக்கு மட்டும் என்ன, மார்க் இல்லாம வேல செய்யச் சொன்னா எப்படி?" என்றான் சாத்தூர்.

எனக்கு அந்த நிமிஷம் மார்புக்குள் ஏதோ இறங்கி உட்கார்ந்தது. அத்தனை நாளும் மறதி என் ஒருவனுடைய கேடு என்று நினைத்திருந்தேன். உலகத்தில் உள்ள நல்ல மூளைகளும் மறக்கும் என்று தெரிந்துதான் ஒரு கம்பெனியே மஞ்சள் பெயின்ட் வாங்கி வைத்திருக்கிறது.

முதலில் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்தோம். மறுநாள் அழிக்க மறந்துபோனேன். நேற்றைய கோடு இன்றைக்குப் பொய் சொல்லிற்று. அப்புறம் சாத்தூர் உப்பு டப்பாவையே மார்க் ஆக்கினான். ஊறுகாய் வாங்கிய பிளாஸ்டிக் டப்பா அது, மஞ்சள் மூடி போட்டது. எங்கள் மண்ணெண்ணெய் ஸ்டவ் ஒரு கடப்பாக்கல் மேல் இருந்தது. கல்லின் இடது கோடியில் ஜன்னல், வலது கோடியில் கதவு. டப்பா ஜன்னல் பக்கம் இருந்தால் உப்புப் போடவில்லை. போட்டதும் டப்பாவைக் கதவுப் பக்கம் நகர்த்திவிட வேண்டும். சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவுகிறவன் மறுபடி ஜன்னல் பக்கம் வைக்க வேண்டும். வேறு எவனும் எதற்காகவும் டப்பாவைத் தொடக் கூடாது. உப்பு வேண்டும் என்றால் பொட்டலத்தில் தனியாக இருந்தது, அதில் எடுத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான் சட்டம்.

நம்பமாட்டீர்கள், அதற்குப் பிறகு என் குழம்பு ஒரு நாளும் தப்பவில்லை. நடுவில் யார் கூப்பிட்டாலும் போவேன், பராக்குப் பார்ப்பேன், திரும்பி வந்து டப்பாவைப் பார்ப்பேன். என் தலை விட்டதை அந்த மஞ்சள் மூடி பிடித்து வைத்திருக்கும்.

வீட்டுக்கார அக்கா கடைச் சாமான் விஷயத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்தார். நான் கடையிலிருந்து வெறுங்கையோடு வருவதைப் பலமுறை பார்த்தவர், ஒரு நாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னாபா, மறுபடியும் சும்மா வர்ற? மூணு சாமான் நெனப்புல நிக்கலன்னா மூணு தபா போ. ஒரு தபாவுக்கு ஒண்ணு. கால் இன்னா தேஞ்சா பூடும்?"

அதில் இரக்கம் துளிகூட இல்லை. ஆனால் அது வேலை செய்தது. தக்காளி, தக்காளி என்று சொல்லிக்கொண்டே போவேன். கொண்டுவந்து வைத்துவிட்டு மிளகாய், மிளகாய் என்று போவேன். கடைக்காரர் முதலில் சிரித்தார். பிறகு நான் வருவதைப் பார்த்ததும், "அடுத்தது இன்னா?" என்று கேட்க ஆரம்பித்தார். மற்ற அறைப் பையன்கள் கிண்டல் பண்ணினால் அக்கா ஒரு திட்டுத் திட்டுவார், காது கூசும். அவர் என்னிடம் எதையும் ஒவ்வொன்றாகத்தான் சொல்வார். "குடத்த எட்து வை. வெச்சியா? இப்போ கொயாய மூடு." அந்த வரிசை அறைகளில் எனக்குப் புரிகிற மொழி பேசியவர் அவர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் என் குழம்பில் ஒரு கிண்ணம் அவர் வீட்டுக்குப் போகும்.

அந்த நாட்களை இப்போது நினைத்தால் அதில் வருத்தத்தைத் தேடினாலும் கிடைப்பதில்லை. காலை ஏ ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் வந்து நிற்கும். சாத்தூர் ஷூவைக் கழற்றாமலே, "கழுகு, என்னடே குழம்பு?" என்பான். நான் சொல்வேன். ஒரு கேள்வி, ஒரு பதில். அதற்காக நாள் பூராவும் காத்திருப்பேன்.

அப்படி இருக்கும்போதுதான் அண்ணனிடமிருந்து போன் வந்தது. அக்கா வீட்டு நம்பர்தான் நாங்கள் எல்லோரும் ஊரில் கொடுத்துவைத்த பி.பி. நம்பர். ஓடிப்போய் எடுத்தேன்.

"ஞாயித்துக்கெழம வாரேன். ஒந் துணிமணிய எடுத்து வையி. ஊருக்குப் போயிருவோம்" என்றான்.

நான் இங்கே நன்றாகத்தான் இருக்கிறேன், சமைக்கிறேன் என்றேன்.

"ஒரு டீ போட ஒனக்கு நெனப்பு நிக்காது. நீ சமைக்கியா? அடுப்ப அணைக்காம விட்டு அந்தப் பயலுவள எரிச்சிப்புடாத. அம்ம ராத்திரி ஒறங்க மாட்டேங்கா. வாரேன்" என்று வைத்துவிட்டான்.

ஊரில் அந்த வாசலும், நின்று பார்த்துவிட்டுப் போகிறவர்களும் கண்முன்னே வந்தார்கள். இந்தத் தடவை போனால் திரும்பி வர முடியாது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. அறைக்கு வந்து சொன்னேன். வள்ளியூர் வருத்தப்பட்டான். சாத்தூர் யோசித்துவிட்டு, "வரட்டும்டே. வந்து ஒங் கையால ஒரு வேள சாப்பிட்டுப் பாக்கட்டும். அதுக்கப்புறமும் கூட்டிட்டுப் போறேம்னா பாப்போம்" என்றான். ஆக, ஒரு சாப்பாட்டில் வந்து நின்றது என் வழக்கு.

ஞாயிற்றுக்கிழமை சாத்தூருக்கும் வள்ளியூருக்கும் ஓவர்டைம். மத்தியானம்தான் வருவார்கள். அண்ணன் காலையிலேயே வந்துவிட்டான். தாம்பரத்தில் இறங்கி, படப்பை, சேரப்பணஞ்சேரி, ஒரகடம் என்று சுற்றிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ். "வழி பூரா ஒரே பொட்டக்காடும் புதுக் காம்பவுண்டுமா இருக்கு" என்று சலித்துக்கொண்டே உள்ளே வந்தான். வந்ததும் என் துணிகளை எடுத்து மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்துவிட்டான். நான் குழம்புக்குப் புளி கரைத்தேன்.

கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. எங்கள் வீட்டில் அம்மா வைக்கிறது. தாளித்து, வதக்கி, புளி ஊற்றி, பொடி போட்டு, உப்புப் போட்டு, எல்லாம் முறையாகச் செய்தேன் என்று நம்பினேன். கொதி வந்துகொண்டிருந்தது. அண்ணன் பையை ஓரமாக வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றான்.

"காலைல மாத்திர தின்னியா? அம்ம சேவு குடுத்துவிட்ருக்கா, எங்க வைக்க? துண்டு எங்க கெடக்கு, மூஞ்சி கழுவணும்."

மூன்று கேள்வி. கடைசியாகக் கேட்டது மட்டும் கையில் தங்கியது. துண்டு. கொடிக்குப் போனேன். அங்கே வள்ளியூரின் நீலச் சட்டை ஒன்று காற்றில் கிளிப்பை விட்டுக் கீழே விழுந்திருந்தது. அதை எடுத்து உதறிப் போட்டேன். அக்கா வீட்டில் ரேடியோ ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது, அதைக் கொஞ்சம் கேட்டேன். பிறகு துண்டு ஞாபகம் வந்து எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன்.

குழம்பு நன்றாகக் கொதித்துக்கொண்டிருந்தது. கல்லைப் பார்த்தேன். டப்பா ஜன்னல் பக்கம் இருந்தது. உப்புப் போட்டேன், டப்பாவைக் கதவுப் பக்கம் நகர்த்தினேன். எனக்குச் சந்தேகமே வரவில்லை. சந்தேகம் வராமலிருக்கத்தானே அந்த ஏற்பாடு.

அண்ணன் சாப்பிட உட்கார்ந்தான். நான் பரிமாறினேன். முதல் உருண்டையை வாயில் வைத்ததும் அவன் கை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு அடுத்த உருண்டையை எடுத்தான். தண்ணீர் குடித்தான். மறுபடி எடுத்தான். செம்பு காலியானது, நிரப்பி வைத்தேன், அதுவும் காலியானது. தட்டில் ஒரு பருக்கை மீதி வைக்காமல் சாப்பிட்டு எழுந்தான்.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"நல்லாருக்குடே" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. "சாயங்காலம் பஸ்ஸு. நீயும் சாப்பிட்டுட்டுக் கெளம்பு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நல்லா இருந்தால் எதற்குக் கிளம்ப வேண்டும்? நல்லா இல்லை என்றால் எதற்கு அவ்வளவு சாப்பிட்டான்? அவன் தோளில் கையைப் போட்டு என்னைக் கொஞ்சம் அழுத்தினான். ஊரில் அம்மா சோறு பிசைந்து கொடுக்கும்போது பார்ப்பாளே, அதே பார்வை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது.

அந்தச் சமயத்தில்தான் இரண்டு கம்பெனி பஸ்களின் ஹாரனும் அடுத்தடுத்துக் கேட்டன. சாத்தூரும் வள்ளியூரும் வந்தார்கள். "அண்ணாச்சி, வணக்கம். சாப்பிட்டேளா?" என்று கேட்டுக்கொண்டே வள்ளியூர் கைகழுவப் போனான். சாத்தூருக்கு எப்போதும் பசி. நின்றபடியே கரண்டியில் கொஞ்சம் குழம்பைக் கையில் ஊற்றி நக்கினான். முகம் கோணியது. இன்னொரு சொட்டு நக்கிப் பார்த்தான். கல்லைப் பார்த்தான். என்னைப் பார்க்கவே இல்லை.

"டப்பாவ யாரு நகத்துனது?" என்றான்.

அண்ணன், "எந்த டப்பாவ?" என்றான்.

"உப்பு டப்பாவ, அண்ணாச்சி. கழுகு ரெண்டு தடவ உப்புப் போட மாட்டாம். நடுவுல யாரோ நகத்திருக்காவ."

"அது... சேவுப் பொட்டலம் வைக்க எடமில்ல. கதவோரமா இருந்துச்சி, கை தட்டிரும்னு எடுத்து அந்தப் பக்கம் மத்த டப்பாவோட வரிசையா வச்சேன். அதுக்கென்ன?"

வள்ளியூர் ஈரக்கையோடு வந்து எல்லாவற்றையும் விளக்கினான். ஜன்னல் பக்கம், கதவுப் பக்கம், மஞ்சள் மார்க், லைன், எல்லாம். அண்ணன் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டான். கேட்கக் கேட்க அவன் பார்வை டப்பா மேலேயே இருந்தது.

இதற்குள் அக்கா கிண்ணத்தோடு வந்துவிட்டார், ஞாயிற்றுக்கிழமை பங்குக்கு. ஒரு சொட்டு நாக்கில் வைத்தார்.

"இன்னாபா கொயம்பு இது? மெரினால மொண்டாந்தியா?" என்று கத்தினார். அண்ணனைப் பார்த்ததும், "ஓ, புதுசா ஆள் வந்துகீது. நீதான் டப்பாவ நவுத்துனியா?" என்றார்.

அண்ணனுக்கு முன்பின் தெரியாத இரண்டு பேர், ஒரே கேள்வி. உப்புக் கரித்ததும் ஒருவருக்குக்கூட என் தலைமேல் சந்தேகம் வரவில்லை. என் வாழ்க்கையில் அதற்கு முன்னால் எனக்கு அப்படி ஒன்று நடந்ததில்லை. நான் ஸ்டவ்வின் திரியைச் சரிபண்ணுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன், கண்ணீர் வந்துவிட்டது.

அக்கா விடவில்லை. "நின்னுக்கினே இருந்தா எப்டி? அடுப்ப ஏத்து. ஏத்துனியா? ரெண்டு உருளக்கெயங்கு வெட்டிப் போடு. போட்டியா? இப்போ புளித்தண்ணி வுடு." ஒவ்வொன்றாகச் சொன்னார், ஒவ்வொன்றாகச் செய்தேன். அண்ணன் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டே நின்றான். குழம்பு ஒருவழியாக மனிதர் சாப்பிடுகிற நிலைக்கு வந்தது. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தோம். அண்ணனும் மறுபடி உட்கார்ந்தான்.

"உப்பிட்டவரை உள்ளளவும் நினைம்பாவ. இன்னைக்குக் கழுகு போட்ட உப்புக்கு அண்ணாச்சி ஏழு சென்மத்துக்கு நெனைக்கணும்" என்றான் வள்ளியூர்.

அண்ணன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பை நான் பல வருஷமாகப் பார்க்கவில்லை. சிரித்து முடித்ததும் கொஞ்ச நேரம் சோற்றையே அளைந்துகொண்டிருந்தான்.

"அந்த டாக்டரு இதத்தான் சொன்னாரு போல. எனக்குத்தாம் மண்டைல ஏறல" என்றான். பிறகு, "நம்ம வீட்ல டப்பாவ நகத்தாத கை ஒண்ணு இருக்காடே?" என்றான்.

எண்ணிப் பார்த்தேன். அம்மா, மதினி, பிள்ளைகள், வந்துபோகிற சொந்தம் என்று எத்தனை கைகள். எல்லாம் பாசமுள்ள கைகள்தான்.

சாப்பிட்டு முடிந்ததும் சாத்தூர் பாத்திரங்களை எடுக்கப் போனான். அண்ணன் அவனைத் தடுத்துவிட்டுத் தானே எல்லாவற்றையும் குழாயடிக்குக் கொண்டுபோய்த் தேய்த்தான். கழுவிக் கவிழ்த்துவிட்டு உள்ளே வந்தான். கடப்பாக்கல்லைத் துணியால் துடைத்தான். சேவுப் பொட்டலத்தை எடுத்து மேலே ஆணியில் மாட்டினான். உப்பு டப்பாவை எடுத்தான். எடுத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

"எந்தப் பக்கம்டே வைக்கணும்?" என்று என்னைக் கேட்டான்.

"ஜன்னல் பக்கம்" என்றேன்.

வைத்தான். மஞ்சள் மூடியை ஒரு தடவை அழுத்திப் பார்த்தான். பிறகு, மடித்து வைத்த என் துணிப்பையை அந்த ஓரத்திலேயே விட்டுவிட்டு, தன் பையை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினான்.